வடக்கு மூலையில் டாய்ல்

டாய்லைப் புல்லில் தூவிய மூன்றாவது கோடையில், அந்தப் புல்லைத் தோண்டி எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. டாய்ல் என் அண்ணன். சாம்பலைத் தூவியது அவன் மனைவி ஓர்லீன்.

செய்தியை அவளிடம் கொண்டுபோனது நான். அண்ணி சமையலறையில் நின்றபடி பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல புல்லை மாத்தறாங்களாம் அண்ணி. இனிமே பிளாஸ்டிக்.”

“பழைய புல்லு?”

“சதுரம் சதுரமா வெட்டி, பெட்டியில போட்டு, பழைய மாணவர்களுக்கு விக்கப்போறாங்க.”

“அடியில இருக்கிற மண்ணு?”

“புதுசா கார் நிறுத்தற எடம் கட்டறாங்கல்ல. அங்க கொட்டி மட்டம் பண்ணுவாங்க.”

ஒரு பீன்ஸ் இரண்டாக ஒடிந்தது. “அப்போ உங்கண்ணன் மேல காரை ஏத்தி நிறுத்தப்போறானுங்க,” என்றாள்.

ஓர்லீனின் கோபத்தை எங்கள் ஊர் டன்ஹாம் முழுக்க அறியும். பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஊரில் பாதிப் பேர் அவள் பின்னந்தலையைப் பார்த்து வளர்ந்தவர்கள். பின் இருக்கையில் சண்டை என்றால் ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுவாள். திட்டமாட்டாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும். அவள் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சண்டை அடங்கிய பிறகுதான் சாவி திரும்பும். ஒருமுறை பின்னால் நின்றது ஷெரீப்பின் கார். அவரும் காத்திருந்தார்.

யுனிவர்சிட்டி மேல் அவளுக்கிருந்த கோபம் இதற்கெல்லாம் மூத்தது. ஸ்டேடியத்தின் வடக்குப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் அவள் அப்பாவின் நிலம். பருத்தி கொஞ்சம், வேர்க்கடலை கொஞ்சம், கடைசியில் பன்றிக் கொட்டகை. அவள் சிறுமியாக இருந்தபோது ஸ்டேடியத்தைப் பெரிதாக்க அதை எடுத்துக்கொண்டார்கள். பொது நன்மைக்கு என்றார்கள். அவர் வழக்குப் போட்டார். நீதிபதி அந்த யுனிவர்சிட்டியில் சட்டம் படித்தவர். சனிக்கிழமைகளில் அங்கேயே கைதட்டுபவர். ஓர்லீனின் அப்பா, பன்றி வளர்க்கக்கூடாது என்று விதியிருந்த ஒரு தெருவில், வாடகை வீட்டில் செத்துப்போனார். அந்த வேலிக்குள் கால் வைப்பதில்லை என்று மகள் முடிவு செய்துகொண்டாள்.

பிறகு போயும் போயும் என் அண்ணனைக் கல்யாணம் செய்தாள்.

டாய்ல் காகித ஆலையில் வேலை பார்த்தான். கல்லூரி வாசலை மாணவனாக ஒருநாளும் மிதித்ததில்லை. ஆனால் யுனிவர்சிட்டியின் அமெரிக்கக் கால்பந்து அணியான டன்ஹாம் நாரைகள் என்றால் அவனுக்கு உயிர். அலபாமாவில் எங்களைவிடப் பெரிய அணிகள் உண்டு. அவர்களிடம் தோற்றுவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சர்ச்சில் பாடமாட்டான். ஜெயித்தால் ஓயமாட்டான்.

“நாம நேத்து அவனுங்களைப் பொளந்துட்டோம் ஓர்லீன்.”

“நாமன்னா யாரு? நீ எந்த டிபார்ட்மெண்ட்?”

“சும்மா இரு.”

“இல்ல, தெரிஞ்சுக்கறேன். வேதியியலா? ஆலையில வர்ற நாத்தத்துக்குப் பொருத்தமா இருக்கும்.”

கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சு. இலையுதிர் காலம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் காலையில் கிளம்பிவிடுவான். நானும் போவேன். அவித்த வேர்க்கடலை, பொரித்த கெளுத்தி, கூட்டம். ஆட்டம் தொடங்கப் பந்தை உதைக்கும்போது ஸ்டேடியம் முழுவதும் நாரை மாதிரி ஒரு காலைத் தூக்கி நிற்கும். டாய்லுக்கு முழங்கால் சரியில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு வருடம் கொட்டுகிற மழையில், கடைசி ஆட்டத்தில், எங்கள் பையன் ஒருவன் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி வடக்கு மூலையில் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். ஜெயித்தோம். டாய்ல் அழுதான். அவன் அழுது நான் பார்த்தது வேறு எப்போதும் இல்லை. எங்கள் அம்மாவின் சவ அடக்கத்தில்கூட இல்லை.

நுரையீரல் கெட்டுப் படுத்தபோது அவன் கேட்டது ஒன்றுதான். எரித்துவிடு. சாம்பலை வடக்கு மூலையில் தூவிவிடு.

ஓர்லீனுக்கு அவள் அப்பா விட்டுப்போனது சர்ச் கல்லறையில் பெக்கான் மரத்தடியில் இரண்டு குழிக்கான இடம் மட்டும்தான். யுனிவர்சிட்டியால் எடுக்க முடியாத நிலம் என்று அதைச் சொல்வாள். கல்கூட நட்டாகிவிட்டது. ஒரு பக்கம் டாய்ல் ப்ரூயிட், ஒரு பக்கம் ஓர்லீன் ப்ரூயிட்.

“உயிரோட இருக்கறப்பதான் சனிக்கிழமையெல்லாம் அங்க கெடந்தே,” என்றாள் அவனிடம். “செத்தும் அங்கதானா? என் பக்கத்துல படுக்கக் கசக்குதா?”

“ஓர்லீன்...”

“அது எங்கப்பன் பன்னிக் கொட்டகைடா. தெரியுமா உனக்கு? நீ சொல்ற அந்த மூலை.”

“அப்போ உங்க குடும்பச் சொத்துலதானே படுக்கறேன்,” என்றான் டாய்ல். சிரிக்கப் பார்த்து இருமினான்.

வசந்த காலத்தில் பயிற்சி ஆட்டத்தன்று கதவுகளைத் திறந்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் புல்லில் இறங்கலாம். பிள்ளைகள் ஓடும். கோல் கம்பத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்குத்தான் டன்ஹாம் தன் செத்தவர்களைக் கொண்டுவரும். சோளப்பொரி டப்பாவில், குளிர்பானக் கோப்பையில், ஓட்டை போட்ட கால்சட்டைப் பையில். சாம்பல் தூவக்கூடாது என்று வாசலிலேயே பலகை இருக்கிறது. எல்லோரும் அதைக் கடந்துதான் உள்ளே போவோம். மைதானம் பார்த்துக்கொள்ளும் எல்பர்ட் ஸ்டாக்ஸ் அந்த நேரத்துக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓர்லீன் அந்த வேலிக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது டாய்ல் செத்தபின் வந்த அப்படி ஒரு நாளில்தான். கையில் வேர்க்கடலைப் பை, உள்ளே டாய்ல். சர்ச்சுக்குப் போடும் கறுப்புக் காலணி. வடக்கு மூலையில் நின்று சுற்றிப் பார்த்தாள். எங்கே வீடு இருந்தது, எங்கே கிணறு என்று கண் அளந்துகொண்டிருந்தது. பிறகு பையைக் கவிழ்த்தாள்.

நான் ஒரு காலைத் தூக்கினேன். அவனுக்காக.

“காலைக் கீழ வை ரஸ்,” என்றாள். “அசிங்கமா இருக்கு.”

அதற்குப் பிறகும் அவள் உள்ளே போகவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் ஆற்றுப் பாலத்தில் காரை நிறுத்துவாள். அங்கிருந்து வடக்குப் பக்கம் தெரியும். கண்ணாடியை இறக்கிவிட்டு அவனோடு பேசுவாள். பேச்சு என்றா சொல்வது. கூரை ஒழுகுது, அதை யாருடா பார்க்கிறது. உன் தம்பி என் ஏணியை வாங்கிட்டுப்போய்த் திருப்பித் தரலை. உன் அணி தோத்துட்டு இருக்கு, நல்லா வேணும். நானே ஒருநாள் காதால் கேட்டேன். ஏணியை அன்றே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இப்போது கார்கள் விற்றுப் பெரிய ஆளான ஒருவர் பிளாஸ்டிக் புல்லுக்குப் பணம் கொடுக்கிறாராம். மைதானத்தின் நடுவில் அவர் பெயரை எழுதப்போகிறார்கள்.

மறுநாள் காலை யுனிவர்சிட்டி விளையாட்டு அலுவலகத்துக்குப் போனோம். உள்ளே ட்ரெவர் லாங்ஸ்டன். இளைஞன். அவன் பதவியின் பெயர் கதவில் இரண்டு வரிக்கு நீண்டது. அவனும் ஓர்லீனின் பேருந்தில் வந்தவன்தான். எழுந்து நின்றான்.

“மிஸ் ஓர்லீன்! எப்படி இருக்கீங்க? உக்காருங்க. ஐஸ் டீ கொண்டுவரச் சொல்லட்டா?”

“டீ வேணாம். மண்ணு வேணும். வடக்கு மூலையில, கோட்டுக்கு அந்தப் பக்கம். ரெண்டு வண்டி மண்ணு.”

“எதுக்குன்னு கேக்கலாமா?”

“என் புருஷன் அதுல இருக்கான்.”

ட்ரெவர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டான். பயிற்சியில் வந்த வருத்தம். “உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா மைதானத்துல சாம்பல் தூவறதுக்கு யுனிவர்சிட்டியில அனுமதி கிடையாது.”

“அனுமதியா கேட்டேன்? தூவியாச்சுன்னு சொல்றேன்.”

“அனுமதி இல்லாததால, அப்படி ஒண்ணு நடந்ததா யுனிவர்சிட்டி எடுத்துக்கலை மிஸ் ஓர்லீன். அங்க யாரும் இல்ல. வெறும் மண்ணுதான்.”

“யாரும் இல்ல.”

“இல்ல.”

“அப்போ டாய்ல் எங்கடா?”

ட்ரெவர் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த நாரையைப் பார்த்தேன்.

“நீ ரெண்டாவது சீட்டு,” என்றாள் ஓர்லீன். “ஜன்னல் பக்கம். கண்ட கண்டதைத் தின்னுட்டு வெளிய எட்டி வாந்தி எடுத்தே. காத்து எல்லாத்தையும் உள்ள அடிச்சுது. பஸ்ஸை ஓரமா நிறுத்தி நான்தான் துடைச்சேன். உன் மூஞ்சியையும் சேத்து. அதுக்கும் அனுமதி இல்லைடா. அதுவும் நடக்கலையா?”

அவன் காது சிவந்தது. வெளியே வந்தோம். வண்டியில் ஏறியதும் அவள் கதவை அடித்த அடியில் கைப்பிடி கழன்று என் மடியில் விழுந்தது.

“எங்கப்பாகிட்டயும் இதையேதான் சொன்னாங்க,” என்றாள். “அங்க ஒண்ணும் இல்ல, வெறும் மண்ணுன்னு. பன்னி இருந்துச்சு, கிணறு இருந்துச்சு, எங்கம்மா நட்ட ரோஜா இருந்துச்சு. வெறும் மண்ணாம்.”

திங்கட்கிழமை பொக்லைன் வந்தது. டிப்பர் லாரிகள் வந்தன. முதல் லாரி மண்ணை ஏற்றிக்கொண்டு வெளியே வரும் நேரத்தில் வாசலுக்குக் குறுக்கே ஒரு பழைய பழுப்பு நிறக் கார் நின்றது. உள்ளே ஓர்லீன். பக்கத்தில் நான். அவள் எஞ்சினை அணைத்தாள். கண்ணாடியை ஏற்றினாள். சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

அலபாமா ஜூலையில் மூடிய கார் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“அண்ணி, கண்ணாடியையாவது...”

“வேர்த்தா வேர்க்கட்டும். உங்கண்ணன்தானே.”

லாரிகள் ஹாரன் அடித்தன. அவள் கண்ணாடியில் பார்த்தாள். முதல் லாரிக்காரன் இறங்கிவந்து கண்ணாடியைத் தட்டினான். “மிஸ் ஓர்லீன், நான் டேரல். மில் தெரு. ஞாபகம் இருக்கா? வண்டியைக் கொஞ்சம் எடுத்தீங்கன்னா...”

“ஞாபகம் இருக்கு. கடைசி சீட்டு. சீட்டைக் கிழிச்சவன் நீதான். போய் உன் லாரியில உக்காரு.”

அவன் போய் உட்கார்ந்தான்.

கடைசியில் எல்பர்ட் ஸ்டாக்ஸ் வந்தார். வெயிலில் வெளுத்த தொப்பி, செங்கல் நிறத்தில் கழுத்து. குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

“வண்டியை எடு ஓர்லீன்.”

“டாய்லைக் குடு. எடுக்கறேன்.”

“டாய்ல் அங்க இல்ல.”

“நீயும் அந்த வாந்திப் பய பாட்டையே பாடறியா?”

“பாட்டு இல்ல. நெஜமாவே அங்க இல்ல. கண்ணாடியை எறக்கு, சொல்றேன்.”

இறக்கினாள். எனக்கு மூச்சு வந்தது.

எல்பர்ட் தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டினார். “சாம்பல் பட்டா புல்லு கருகிடும் ஓர்லீன். உப்பு. வட்ட வட்டமா மஞ்சளாயிடும். டிவியில தெரியும். மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க. அதனால மறுநாளே அந்தந்த எடத்தை மண்ணோட வெட்டி எடுத்துட்டு வேற புல்லு வெச்சிருவேன்.”

“மறுநாளே?”

“சர்ச் முடிஞ்சு.”

“டாய்லையுமா?”

“எல்லாரையும்தான்.”

ஓர்லீன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ இத்தனை நாளா நான் பாலத்துல நின்னு யாரோட சண்டை போட்டேன்?”

எல்பர்ட் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“வெறும் புல்லோடவாடா?”

கதவைத் திறந்த வேகத்தில் அது எல்பர்ட்டின் முழங்காலில் இடித்தது. அவர் நொண்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் பின்னால். காரை வாசலிலேயே விட்டுவிட்டோம். சாவி அவளோடு போனது. டேரல் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தான்.

ஆற்றங்கரைப் பக்கம், புல்வெட்டும் இயந்திரங்கள் நிற்கும் தகரக் கொட்டகை. அதற்குப் பின்னால் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேடு. சுற்றிலும் குட்சுக் கொடி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வந்து, மேட்டின் ஓரத்தில் நின்றிருந்தது. மேட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.

“இதான்,” என்றார் எல்பர்ட். “அந்தப் பக்கம் போறப்பல்லாம் தொப்பியைக் கழட்டுவேன்.”

“தொப்பியைக் கழட்டினியா! பெரிய உபகாரம். இதுல டாய்ல் எங்க?”

“வடக்கால போட்டதா ஞாபகம். மேல வேற ஆளுங்க விழுந்துட்டாங்க.”

“யாரு?”

“பல் டாக்டர் ஹைட். உங்க சர்ச்சுல ஆர்கன் வாசிச்ச அம்மா. மார்ச்சிங் பேண்டுல ட்ரம் அடிச்ச அந்தத் தடியன். அப்புறம் ஒரு நாய்.”

“நாயா?”

“கழுத்துப்பட்டை இருந்துச்சு. ஒருத்தன் எதிர் டீமோட சிவப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து, அவங்கப்பனை நம்ம நடுக்கோட்டுல கொட்டிட்டு ஓடினான். அவரும் இங்கதான்.”

ஓர்லீன் மேட்டைச் சுற்றி நடந்தாள். ஒரு முழுச் சுற்று. நின்றாள்.

“ஊரே புத்தி கெட்டுப்போய்த் திரிஞ்சிருக்கு,” என்றாள். “வீட்டு ஆளைக் கொண்டுவந்து எவன் எடத்துலயோ கொட்டிட்டு, காலைத் தூக்கிக்கிட்டு நின்னுட்டு, போய் மீன் தின்னுட்டுப் படுத்திருக்கு. ஒருத்தனும் மறுநாள் வந்து பார்க்கலை. நான் உட்பட.” பிறகு எல்பர்ட்டிடம் திரும்பினாள். “இதை என்ன பண்ணப்போறாங்க?”

“கொட்டகையை இடிக்கிறாங்க. இந்த வாரமே. இதுவும் கார் நிறுத்தற எடத்துக்கு அடியில போகும்.”

“ரஸ், உன் பிக்கப்பை எடுத்துட்டு வா.”

ஆற்றுப் பக்கத்து வாசல் வழியாகக் கொண்டுவந்தேன். என் மண்வெட்டி, டாய்லின் மண்வெட்டி, இரண்டும் இருந்தன. ஆளுக்கொன்று எடுத்தோம். எல்பர்ட் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றார்.

“வேலை போயிடும்னு பயமா?” என்றாள் ஓர்லீன்.

“புல்லே போயிடுச்சு. பிளாஸ்டிக்குக்கு நான் எதுக்கு?”

“அப்போ நின்னு வேடிக்கை பார்க்காதே.”

அவர் உள்ளே போய்த் தன் மண்வெட்டியைக் கொண்டுவந்தார்.

பாதி ஏற்றியிருப்போம். கோல்ஃப் வண்டியில் ட்ரெவர் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் நின்ற லாரிகளைப் பற்றி யாரோ மேலே புகார் செய்திருக்க வேண்டும்.

“மிஸ் ஓர்லீன், இது யுனிவர்சிட்டி சொத்து. நீங்க இதைத் தொடக்கூடாது.”

“எதை?”

“இதை.” மேட்டைக் காட்டினான்.

“இது என்ன?”

அவன் வாயைத் திறந்தான்.

“சொல்லு. கேக்கறேன்ல. நீதானே சொன்னே, யாரும் இல்ல, வெறும் மண்ணுன்னு. எனக்குத் தோட்டத்துக்கு மண்ணு வேணும். கார் நிறுத்தற எடத்துல கொட்டப்போற மண்ணு. ஒரு கிழவிக்கு ரெண்டு வண்டி குடுத்தா உன் யுனிவர்சிட்டி கொறைஞ்சுபோயிடுமா?”

“அது வந்து...”

“இல்ல, இது வெறும் மண்ணு இல்லேன்னு சொல்றியா? சொல்லு. சத்தமாச் சொல்லு. இப்பவே நிறுத்திடறேன். உன் பெரிய ஆளுங்களை இங்க கூட்டிட்டு வா. பல் டாக்டர் ஹைட் பொண்டாட்டி உயிரோடதான் இருக்கா, அவளையும் கூப்பிடுவோம். கொட்டகைக்குப் பின்னாடி யார் யாரைக் குப்பையாக் குவிச்சு வெச்சிருக்கீங்கன்னு வரிசையாப் படிச்சுச் சொல்லு.”

ட்ரெவர் போனை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனான். முதுகைக் காட்டியபடி நெடுநேரம் பேசினான். கேட்டதுதான் அதிகம். திரும்பிவந்தபோது எங்களைப் பார்க்கவில்லை.

“மண்ணு வேணும்னா எடுத்துக்கலாமாம்.”

“என்ன மண்ணு?”

“வெறும் மண்ணு, மிஸ் ஓர்லீன்.”

“ரொம்ப நன்றி. தள்ளி நில்லு, மேல படும்.”

சாயங்காலம் வரை ஏற்றி, சர்ச் கல்லறையோரம் இறக்கினோம். மேடு இருந்த இடத்தைக் கடைசியில் அவள் துடைப்பத்தால் பெருக்கி, அதையும் பக்கெட்டில் அள்ளினாள். அதற்குப் பிறகுதான் சாவியை டேரலிடம் கொடுத்து, காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

சர்ச்சில் பாஸ்டர் வேட் தலையைச் சொறிந்தார். ஒரு குழிக்கு ஒரு ஆள் என்பதுதான் அங்கே விதி.

“ஒரு ஆளுதான் பாஸ்டர். டாய்ல். மத்ததெல்லாம் வெறும் மண்ணு. யுனிவர்சிட்டியே சொல்லிடுச்சு.”

பாஸ்டர் வண்டியை எட்டிப் பார்த்தார். ஆர்கன் வாசித்த அம்மாள் அவருடைய அத்தை. பாஸ்டரிடம் எல்பர்ட் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அங்கியைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு அவரும் மண்வெட்டியைக் கேட்டார்.

ஒரு குழி போதவில்லை. இரண்டையும் தோண்டினோம். மண் இரண்டையும் நிரப்பி மேலே கொஞ்சம் எழும்பி நின்றது.

“உங்களுக்கு எடம் இல்லாமப் போச்சே அண்ணி,” என்றேன்.

“மேல போடு. எல்லார் மேலயும் என்னைப் போட்டு மூடு. அப்பவாவது சனிக்கிழமை ஒருத்தனும் எந்திரிச்சு ஓடமாட்டான்.”

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. டேரல் சொல்லியிருப்பான். செப்டம்பரில் முதல் ஆட்டம். பிளாஸ்டிக் புல், நடுவில் கார்க்காரர் பெயர். அன்று மதியம் பெக்கான் மரத்தடியில் ஆட்கள். பல் டாக்டரின் மனைவி மடக்கு நாற்காலியோடு வந்திருந்தாள். ட்ரம்காரனின் தம்பிகள். சிவப்புச் சட்டையில் முன்பின் தெரியாத ஒருவன், தள்ளி, வேலியோரம். யாரோ ரேடியோ கொண்டுவந்திருந்தார்கள். யாரோ நாரைக் கொடியை மண்ணில் குத்தியிருந்தார்கள்.

ஓர்லீன் வந்ததும் கொடியைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தாள்.

“திரும்பவும் ஆரம்பிக்காதீங்க. இங்க விளையாட்டு கிடையாது.”

ரேடியோவில் பந்தை உதைத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து இரைச்சல் எழுந்து வந்தது. மரத்தடியில் எல்லோரும் ஒரு காலைத் தூக்கினார்கள். பல் டாக்டரின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கினாள். நானும்தான்.

“கீழ வைங்கடா காலை! கல்லறை இது!”

யாரும் வைக்கவில்லை. அவள் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே வந்தாள், பேருந்தின் கண்ணாடியில் பார்ப்பதுபோல. இரைச்சல் அடங்கும்வரை நின்றோம். பிறகு கால்கள் தாமாக இறங்கின.

அந்த மாதக் கடைசியில் ட்ரெவர் ஒரு பித்தளைப் பலகையோடு கல்லறைக்கு வந்தான். ஊர்ப் பேச்சு மேலே எட்டியிருந்தது. பலகையில் நாரை, அதன் கீழே யுனிவர்சிட்டி முத்திரை, அதன் கீழே ‘என்றும் நம் குடும்பம்’ என்று இருந்தது. கார்க்காரர் பெயர் மூலையில்.

“உங்க கல்லுக்குப் பக்கத்துல வைக்க அனுமதி குடுத்தீங்கன்னா...” என்றான்.

“யாருக்காக?”

“இங்க இருக்கறவங்களுக்காக மிஸ் ஓர்லீன்.”

“இங்க யாரு இருக்கா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“வெறும் மண்ணுக்கு எதுக்குடா பலகை? எங்கப்பன் நிலத்தை எடுத்தப்போ வெறும் மண்ணு. என் புருஷனைக் கேட்டப்போ வெறும் மண்ணு. இப்போ நான் என் கையால புதைச்சதுக்கப்புறம் குடும்பமா? எடுத்துட்டுப் போ. போறப்ப ஜன்னல் பக்கம் உக்காராதே.”

போய்விட்டான். பலகையை வாசலில் மறந்துவிட்டானா, விட்டுவிட்டானா தெரியாது. அது இப்போது அவள் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. நாரை தலைகீழாக.

எல்பர்ட்டுக்கு வேலை போய்விட்டது. ஞாயிறு மதியங்களில் கல்லறைக்கு வருகிறார். தண்ணீரை விட்டு உப்பைக் கழுவுகிறார், ஏதேதோ தூளைக் கலக்கிறார், விதை போடுகிறார். ஓர்லீன் பக்கத்தில் நின்று அவரைத் திட்டுகிறாள். இடையில் டாய்லையும். கூரை இன்னும் ஒழுகுகிறது.

போன வாரம் நானும் போயிருந்தேன். வடக்கு மூலையில் ஒரு கையளவுக்குப் பச்சை. எல்பர்ட் குனிந்து பார்த்தார்.

“நான் போட்டது இல்ல. களை,” என்றார். பிடுங்கக் கையை நீட்டினார்.

“தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்,” என்றாள் ஓர்லீன்.